மாடு நடந்த கணக்கு

கணுக்கால் பட்டியை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார் ஃபிசியோ அம்மா.

"ஐயா, இது சாணி."

"மாட்டுக் கொட்டகையில பால் கறக்கிறவன் கால்ல சாணி இல்லாம சந்தனமா இருக்கும்?" என்றார் கறவைக்காரர்.

இதயம் பலவீனமானவர்களுக்கு நடைப்பயிற்சி எவ்வளவு உதவும் என்று அந்த ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி. சேர்ந்தவர்களுக்கு மாத்திரை, பரிசோதனை எல்லாம் இலவசம். பதிலுக்கு, தீப்பெட்டி அளவு பெட்டி ஒன்றைப் பட்டியால் கணுக்காலில் கட்டிக்கொண்டு தினமும் மூவாயிரம் அடி நடக்க வேண்டும். பெட்டி எண்ணிக்கொள்ளும்.

"ரெண்டு மாசத்துல ஒரு நாள்கூட ஆயிரம் அடி தாண்டலை. தினம் பதினாலு மணி நேரம் படுக்கை. உண்மையைச் சொல்லுங்க, இதை மாட்டுக் கால்லதானே கட்டினீங்க?"

கறவைக்காரர் சுவரில் இருந்த இதயப் படத்தைப் பார்த்தார்.

"ஏமாத்தறவங்க நாய் கழுத்துல கட்டுவாங்க, ஓடுற பேரன் கால்ல கட்டுவாங்க. படுத்துக் கிடக்கிற மாட்டைத் தேடிக் கட்டின ஆள் நீங்க ஒருத்தர்தான்!"

"நல்லாக் கேளுங்கம்மா," என்றாள் அவர் மனைவி. "விடிஞ்சதும் 'நடக்கப் போறேன்'னு கிளம்பிடுவார். எங்க போறார்? அந்தச் சக்களத்தியைப் பார்க்க!"

ஃபிசியோ அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"நாற்பத்தொண்ணாம் நம்பர் மாடும்மா. அதுக்குக் குளம்புல புண்ணு. உட்கார்ந்து மருந்து தடவி விடுவார். முப்பத்தாறு வருஷத்துல எனக்கு ஒரு நாள் தைலம் தேய்ச்சு விட்டதில்லை."

"உனக்குக் குளம்பு இல்லையே," என்றார் கறவைக்காரர்.

"ஐயா, இது விளையாட்டு இல்லை. ஆராய்ச்சியிலேர்ந்து உங்க பேரை எடுக்கத்தான் வேணும். மாத்திரையை இனி நீங்களே பார்த்துக்கணும்."

மனைவியின் குரல் இறங்கிவிட்டது. "அம்மா, அந்த மாத்திரை இல்லேன்னா ராத்திரி மூச்சுக்குத் திணறுவாரும்மா. ஏங்க, தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்!"



பேரை எடுக்கும் முன் கடைசிப் பரிசோதனை செய்தாக வேண்டும். ஆறு நிமிஷம் வராந்தாவில் நடக்க வேண்டும். முதல் நாள் இருநூறு மீட்டருக்குள் இரண்டு முறை உட்கார்ந்த மனுஷன், இன்று முந்நூற்றறுபது மீட்டர் நிற்காமல் நடந்துவிட்டு, "போதுமா?" என்றார்.

ஃபிசியோ அம்மா தூரத்தை மறுபடி அளந்து பார்த்தார். தூரம் சரியாகத்தான் இருந்தது. படித்தவர்களுக்குப் புரியாதபோது செய்வதையே அவரும் செய்தார். போன் போட்டார்.

பத்து நிமிஷத்தில் மாட்டு டாக்டர் லேப்டாப்போடு வந்தார். கறவைக்காரர் வேலை பார்க்கும் பக்கத்துப் பண்ணையில் அவருக்கு ஓர் ஆராய்ச்சி. மாடு சினைக்கு வரும் நாளில் மூன்று பங்கு அதிகமாக நடக்குமாம். அந்த நாளைக் கண்டுபிடித்துச் சினை ஊசி போட, மாடுகளின் காலிலும் இதே பெட்டி. ஸ்டிக்கர் மட்டும் வேறு.

"நாற்பத்தொண்ணா? அது கால்ல உங்க பெட்டியா? வாய்ப்பே இல்லை மேடம். பெட்டி இருக்கான்னு நான் தினமும் எட்டிப் பார்ப்பேன். என் ஆராய்ச்சியிலேயே அருமையான மாடு அது!"

"அப்படியா?"

"மூணு மாசம் கணக்கு ஏறவே இல்லை. மலடுன்னு ஏலத்துக்கு எழுதிட்டேன். இவர் வந்து 'மாடு கத்துது, சினைக்கு வந்திருக்கு, ஊசி போடுங்க'ன்னு நின்னார். கத்தறதையெல்லாம் நம்பினா நமக்கு எதுக்குப் படிப்பு? அப்புறம் பாருங்க, தினம் மூவாயிரம் அடி. போன மாசம் பதினெட்டாம் தேதி ஒரே நாள்ல ஒன்பதாயிரம்! அன்னிக்கே ஊசி போட்டோம். நேத்து ஸ்கேன்ல கன்னு தெரிஞ்சுது. ஏலப் பட்டியல்லேர்ந்து அடிச்சுட்டேன்."

"தினம் மூவாயிரமா?" ஃபிசியோ அம்மா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார். விரல் ஓரத்துக் கட்டத்தில் போய் நின்றது. "டாக்டர், இதைப் பார்த்தீங்களா?"

"அது மாடி ஏறின கணக்கு. நாங்க பார்க்கறதில்லை. மாடு எங்க மேடம் மாடி ஏறப் போகுது?"

"ஏறியிருக்கே. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை. மூணு மாடி."

மாட்டு டாக்டர் திரையைப் பார்த்தார். மாட்டையே பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"நாங்க குடியிருக்கிறது மூணாவது மாடிதான்," என்றாள் மனைவி மெதுவாக.

"ஒன்பதாயிரமா!" ஃபிசியோ அம்மா கறவைக்காரரின் கால்களைப் பார்த்தார். "ஐயா, இந்த நெஞ்சை வச்சுக்கிட்டு ஒரே நாள்லயா?"

கறவைக்காரர் மாட்டு டாக்டர் பக்கம் திரும்பினார்.

"கால் புண்ணோட மாடு எப்படி சார் நடக்கும்? அதால முடிஞ்சது கத்துறதுதான், கத்துச்சு. நடந்தாத்தான் நம்புவேன்னு நீங்க சொல்லிட்டீங்க. அதான், பெட்டியை மாத்திக் கட்டிக்கிட்டு, அதுக்கும் சேர்த்து நான் நடந்தேன்."