பத்துக்கு நாலு

"யாருங்க அந்தக் கணக்கு டீச்சர்? முதல்ல கூப்பிடுங்க!"

ஆடிட்டர் நுழைந்த வேகத்தில், தலைமையாசிரியை அறையின் கதவு சுவரில் மோதித் திரும்பியது. பின்னாலேயே ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள், புத்தகப் பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு.

"உட்காருங்க சார். என்ன ஆச்சு?"

"உட்கார வரலை மேடம். வீட்டுப்பாடம் பத்துக் கணக்கு. பத்தும் சரி. என் பொண்ணுக்கு மார்க் எவ்வளவு தெரியுமா? நாலு!"

காலையில் அந்த நாலைப் பார்த்ததிலிருந்தே அவருக்கு ரத்தம் கொதித்தது. யாரோ தன் முகத்திலேயே காறித் துப்பியது போலிருந்தது.

கணக்கு டீச்சர் கையெல்லாம் சாக்பீஸ் தூளோடு வந்து நின்றார். புதுசு. வேலையும் இன்னும் நிரந்தரமாகவில்லை.

"மார்க் நான் போடலை சார். எங்க கிளாஸ்ல பிள்ளைங்களே திருத்தி, அவங்களே மார்க் போட்டுக்குவாங்க. தனக்கு எது வரலைன்னு தனக்கே தெரிஞ்சாத்தான், யாரும் சொல்லாமலே உட்கார்ந்து படிப்பாங்க."

ஆடிட்டர் எண்ணெயில் விழுந்த கடுகாகப் பொரிந்தார். "அவங்களே படிச்சு, அவங்களே திருத்தி, அவங்களே மார்க்கும் போட்டுக்கிட்டா நீங்க எதுக்கு? நாற்காலியைத் தேய்க்கவா?"

டீச்சரின் முகம் சிவந்தது. ஆடிட்டர் தலைமையாசிரியை பக்கம் திரும்பினார்.

"மேடம், அடுத்தவங்க கணக்குல தப்புக் கண்டுபிடிக்கிறதுதான் என் தொழில். இந்தப் பத்துல ஒரு புள்ளிகூடத் தப்பில்லை. எங்கே வேணா வந்து சத்தியம் பண்றேன்!"

"பத்தும் சரிதான் சார்" என்றார் டீச்சர் மெதுவாக.

"கேட்டீங்களா? அவங்க வாயாலேயே ஒத்துக்கிட்டாங்க! பெற்றோர் சங்கத்துல நான் இருக்கிற வரைக்கும் இவங்க இந்த ஸ்கூல்ல இருக்கக் கூடாது."

தலைமையாசிரியை டீச்சரை முறைத்தார். "என்னம்மா இது? பத்தும் சரின்னா நாலு எப்படி? சொல்லுங்க. இல்லேன்னா இன்னிக்கே உங்களை நிறுத்த வேண்டியிருக்கும்."

"என்னால சொல்ல முடியாது மேடம். மன்னிச்சிடுங்க." டீச்சர் ஆடிட்டர் பக்கம் திரும்பினார். "சார், வீட்டுக்குப் போய் பாப்பாகிட்ட தனியா கேட்டுக்கங்களேன்."

"தனியா எதுக்கு? இங்கேயே, எல்லார் முன்னாலயும் சொல்லட்டும்!" மகளின் தோளைப் பிடித்து முன்னால் இழுத்தார். "சொல்லுடி. மிஸ்தானே மிரட்டி நாலு போட வெச்சாங்க?"

டீச்சர் அவளைப் பார்த்து வேண்டாமென்று தலையசைத்தார்.

சிறுமி தோளை உதறிக்கொண்டாள். அழுகையும் கோபமுமாக அவள் குரல் வெடித்தது.

"மிஸ் மிரட்டலைப்பா! ஆறு கணக்கை நீங்கதானே போட்டுக் கொடுத்தீங்க? வெளியில சொல்லாதே, அப்பாவுக்கு அவமானமாயிடும்னு மிஸ்தான் சொன்னாங்க!"