தவேந்திரன் நின்ற பாறை

வழிவிட்டு அவன் ஒதுங்கி நின்றான். அவள் முன்னால் போகவில்லை.

"நீங்கள் நடவுங்கோ," என்றாள்.

அவன் நடந்தான்.

இடுப்பளவுப் புதர்கள். இலை ஒவ்வொன்றும் ஊசி. பாதையில் ஒரு ஆள் போகத்தான் இடம் காணும். இரண்டு பக்கமும் உடுப்பைப் பிடித்து இழுத்தன, முழங்கைக்குக் கீழே தோலைக் கீறின. தெற்கிலிருந்து வந்த காற்று உப்போடு கண்ணில் அறைந்தது. நிழலென்று சொல்ல ஒரு மரமில்லை. கடல் இன்னும் தெரியவில்லை. அடியில் எங்கோ அது பாறையில் மோதுவது மட்டும் உள்ளங்காலில் கேட்டது.

பதினொரு மாதங்களுக்கு முன் அவள் கணவன் தவேந்திரன் இதே பாதையில் இப்போது முன்னால் போகிற இதே ஜெயரூபனோடு நடந்து போனான். சிட்னிக்கு வந்த புதிதில் ஒரே அறையில் நாலு வருடம் இருந்தவர்கள்.

ஜெயரூபன் மட்டும் திரும்பி வந்தான்.

"நான் முன்னால போய்க்கொண்டிருந்தனான். திரும்பிப் பார்க்க ஆளைக் காணேல்லை."

பொலிஸுக்கும், அவளுக்கும், செத்தவீட்டுக்கு வந்த அத்தனை பேருக்கும் அவன் சொன்னது இவ்வளவுதான். ஒரு சொல் கூடவுமில்லை, குறையவுமில்லை. பொலிஸ் விசாரணையை மூடிவிட்டது. அவளால் மூட முடியவில்லை.

தவேந்திரன் ஆறாம் மாடி பல்கனியில் உடுப்புக் காயப்போட மாட்டான். கம்பியைத் தொட்டாலே உள்ளங்கை வேர்க்கும். அவள்தான் காயப்போடுவாள். அவன் கதவுக்கு உள்ளே நின்றபடி ஒவ்வொன்றாக உதறிக் கொடுப்பான்.

அப்படிப்பட்டவன் விளிம்புக்கு ஏன் போனான்?

இதைக் கேட்கவென்று மூன்று முறை தொலைபேசி எடுத்தாள். மூன்று முறையும் ஜெயரூபனுக்கு வேலை. நாலாம் முறை அவள் அதைக் கேட்கவில்லை.

"அந்த இடத்தைக் காட்டுங்கோ அண்ணை," என்றாள்.

எதிரே ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்தது. நல்ல நாள் என்று சிரித்தார்கள். ஜெயரூபன் தலையாட்டினான். அவள் அவன் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். புதிதாக முடிவெட்டிய பிடரி. வேர்க்கிற பிடரி. உயிரோடு இருக்கிற பிடரி.

புதர் சட்டென முடிந்தது.

வெறும் பாறை. மஞ்சள் மணற்பாறை. அடிப்பக்கத்தைக் காற்றும் அலையும் தின்றுவிட, மேசை போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வேலி இல்லை. கயிறு இல்லை. அதற்கப்பால் வானம். வெகு கீழே, வெள்ளையாகக் கொதிக்கிற தண்ணீர்.

"இதுதான்."

பாதை அங்கிருந்து இருபது அடி தள்ளியே போனது. நடந்து போகிறவன் தவறி விழ அந்த இடத்தில் வழியே இல்லை. அவள் கண்ணால் அளந்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். அவன் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் பைக்குள் கைவிட்டாள். போனை எடுத்தாள்.

"மாமி ஊரில இருந்து கேட்டவ. மகன் விழுந்த இடத்தைப் பார்க்கோணுமாம். நீங்கள் அதில நில்லுங்கோ. ஆள் நிண்டால்தான் விளங்கும்."

அவன் போனான். நுனிக்கு நாலடி இருக்கும்போது நின்று திரும்பினான்.

திரையில் அவன் தலை வானத்தை மறைத்தது. கடல் வரவில்லை.

"இன்னும் கொஞ்சம் பின்னால," என்றாள்.

அவன் அசையவில்லை.

காற்று அவன் சட்டையை ஊதிப் பெருப்பித்தது. முகத்தில் இரத்தமில்லை. பிறகு அப்படியே குந்தினான். இரண்டு கையாலும் பாறையைப் பிடித்துக்கொண்டான்.

"நானும் அதைத்தான் சொன்னனான்."

அவள் போனை இறக்கவில்லை.

"அவன் மாட்டன் எண்டவன். தலை சுத்துது எண்டவன். நான்தான் பகிடி பண்ணினனான். கடல் முழுக்க வரோணும், பின்னால போடா எண்டு..."

மிச்சத்தைக் காற்று கொண்டுபோனது.

அந்தப் பகிடி அவளுக்குத் தெரியும். பிறந்தநாள் வீடுகளில், சாப்பாட்டு மேசையில், பல்கனி வீரன் என்று ஜெயரூபன் தொடங்குவான். எல்லோரும் சிரிப்பார்கள்.

அவளும் சிரித்திருக்கிறாள்.

"படம் எடுத்தனீங்களோ?"

பொலிஸுக்கு அவன் சொல்லாமல் விட்ட படம். தேடித் திறக்க நேரமானது. குந்தியபடியே போனை நீட்டினான். அவள் கிட்டப் போய் வாங்கினாள்.

இப்போது அவளுக்கும் நுனிக்கும் நடுவில் அவன் மட்டும் இருந்தான்.

அது இரண்டு பேருக்கும் தெரிந்தது. அவன் பாறையிலிருந்து கைகளை எடுத்துவிட்டான்.

அவள் படத்தைப் பார்த்தாள்.

கடல் முழுக்க வந்திருந்தது. தவேந்திரன் கையிரண்டையும் உடம்போடு ஒட்டவைத்து, சிரிக்கப் பார்த்தபடி நின்றான். அவன் பின்னால் பார்க்கவில்லை. கீழே பார்க்கவில்லை. படம் எடுக்கிறவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதைத் தன் போனுக்கு அனுப்பினாள். சிக்னல் ஒரு கோடுதான் இருந்தது. அது போய்ச்சேரும்வரை அசையாமல் நின்றாள். பிறகு அவனுடையதை அவன் மடியில் வைத்தாள்.

"பொலிஸுக்குக் குடுக்கப்போறீங்களோ?"

அவள் குனிந்தாள். அவன் தோளைப் பற்றினாள். விரல்கள் சதைக்குள் இறங்கின. நுனியிலிருந்து உள்ளே இழுத்தாள். ஒரு அடி. இன்னொரு அடி. பாறை அவன் முழங்காலைத் தேய்த்தது.

பாதை வந்ததும் கையை எடுத்தாள்.

"உங்களிட்ட இருக்கிற படத்தை அழிச்சுப்போடாதேங்கோ," என்றாள்.