காற்றாலை சொன்ன பத்து

குன்றின் மேல் நின்ற காற்றாலைக்கு வாய் பெரிது. தினமும் காலையில் கட்டுப்பாட்டு அறையிலிருந்து பழைய டெலிபோன் கூப்பிட்டு, "இன்னைக்கு எத்தனை தெருவுக்குக் கரண்ட் தருவே?" என்று கேட்கும். "பத்து!" என்று அடித்துவிடும் காற்றாலை. கீழே இருந்த அணைக்குத் தண்ணீரை வெளியே விட மனசே வராது. அது "ரெண்டு" என்று முனகும். ஊரில் மொத்தம் பன்னிரண்டு தெரு. ஒருநாளும் இருட்டியதில்லை.

திடீரென்று டெலிபோனை ஓரங்கட்டிவிட்டு, எல்லோரையும் புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்றினார்கள். அதுவும் அதையேதான் கேட்டது. இவர்களும் அதையேதான் சொன்னார்கள். சாயங்காலம் ஐந்து தெரு இருண்டுபோனது.

"இந்த மெஷினுக்குக் கணக்கே தெரியலை!" என்று குதித்தது காற்றாலை.

"நீங்க பத்துன்னீங்க, அணை ரெண்டுன்னாரு. கூட்டினா பன்னிரண்டு. ஆனா நீங்க தந்தது அஞ்சுதாங்க" என்றது கம்ப்யூட்டர்.

காற்றாலைக்கு மண்டை குடைந்தது. இத்தனை வருஷமும் இதே பத்தைத்தானே சொன்னோம், அப்போது மட்டும் எப்படி விளக்கு எரிந்தது? மூலையில் கிடந்த டெலிபோனிடமே கேட்டுவிட்டது.

டெலிபோன் சிரித்தது. "நீ சொன்ன பத்தை யாரு கேட்டா? உன் குரலைத்தான் கேட்டேன். நீ ரொம்பக் கத்தினா காத்து கம்மின்னு அர்த்தம். உடனே அணையைத் தாஜா பண்ணி ஏழு தெருவுக்கு வாங்கிடுவேன்."

மறுநாள் காலை கம்ப்யூட்டர் கேட்டது. "பத்..." என்று ஆரம்பித்த காற்றாலை சட்டென்று வாயை மூடிக்கொண்டது.

"கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டு, காற்று எவ்வளவு அடிக்கிறதென்று முதல் தடவையாகக் கவனித்துப் பார்த்தது.