அப்பா நின்ற இடம்

“பேசாம அந்த மேப்பைச் சுருட்டி வை பாப்பா. சாம்பலாப் போன ஊர்ல யார் வீடு எங்க இருந்தா என்ன?”

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் பாப்பா என்று கூப்பிட்ட மகளுக்கு ஐம்பது வயது நெருங்குகிறது. பள்ளிக்கூடத்தில் புவியியல் டீச்சர். சாப்பாட்டு மேஜையை வழித்துத் துடைத்துவிட்டு, ஆவணக் காப்பகத்திலிருந்து வாங்கி வந்த பழைய நில அளவை வரைபடத்தை அதன்மேல் விரித்து வைத்திருந்தாள்.

“எங்க இருந்தா என்னவா? நல்லாயிருக்குப்பா நீங்க பேசறது! ஞாயித்துக்கிழமை உங்க வீட்டு வாசல்லதான் நினைவுக் கல்லை நடப்போறாங்க. வாசல் எதுன்னு தெரிய வேண்டாமா?”

எதிர் நாற்காலியில் இருந்த மருந்துக்கடைக்காரர் தலையசைத்தார். நினைவுக் கல் கமிட்டிக்குச் செயலாளர் அவர்தான். அவருடைய மூத்த அக்கா அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். கணவனோடும் கைக்குழந்தையோடும் அந்தத் தீயில் போய்ச் சேர்ந்தவள்.

அது பெரிய ஊர் இல்லை. மலைகளுக்கு நடுவே கிண்ணம் போல ஒரு பள்ளம், அதற்குள் கொஞ்சம் வீடுகள். தண்ணீர்த் தகராறில், அடுத்த பள்ளத்தாக்கு ஆட்கள் ராத்திரியோடு ராத்திரியாக வந்து கொளுத்திவிட்டுப் போனார்கள். விடிந்தபோது ஊர் இல்லை. மகளுக்குத் தெரிந்து தப்பியவர் அப்பா ஒருவர்தான்; அப்போது அவருக்கு இருபது வயது. இப்போதைய வரைபடங்களில் அந்த இடம் வெறும் பச்சை. தீக்கு முந்தைய இந்தத் தாளில் மட்டும் ஒவ்வொரு வீடும் ஒரு கறுப்புப் புள்ளியாக இன்னும் குடியிருந்தது.

அப்பா இதை வெளியில் மூச்சு விட்டதில்லை. அம்மா சாகும்வரை அவளிடம்கூட மனம் விட்டுப் பேசியதில்லை. தூக்கத்தில் அலறிக்கொண்டு எழுந்த சமயங்களில், ஓடி வந்து கட்டிக்கொண்ட மகளிடம் மட்டும் துண்டு துண்டாகச் சொல்லியிருந்தார். போன வருடம் அவள்தான் அதைப் பத்திரிகைக்கு எழுதிப் போட்டாள். படித்துவிட்டு, கமிட்டி வீடு தேடி வந்துவிட்டது.

“அண்ணே, அக்கம்பக்கத்துல இருந்தவங்க பேரு ஏதாவது ஞாபகம் வருதா?” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“எல்லாம் மறந்துபோச்சுப்பா. வயசாச்சுல்ல.”

“எங்க மாமா மாவு மில்லு வச்சிருந்தார். கொஞ்சம் காலைத் தாங்கித் தாங்கி நடப்பார். அவரையாவது...”

“மில்லு தெரியும்,” என்றார் அப்பா அவசரமாக. “முதல்ல எரிஞ்சது அதுதான்.”

மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“அவரை இதுக்கு மேல கிளற வேண்டாம் சார்,” என்றாள் மகள். “கால் மரத்துப்போய், நின்ன இடத்தை விட்டு நகராம எல்லாத்தையும் பார்த்தேன்னு அப்பா எத்தனையோ தடவை சொல்லியிருக்கார். முதல்ல மில்லு, அப்புறம் பள்ளிக்கூடம், கடைசியா மரப்பாலம். இந்த மூணும் எங்கேருந்து தெரியுமோ, அதுதானே எங்க வீடு?”

“வேணாம்னு சொல்றேன்ல பாப்பா!”

“சும்மா இருங்கப்பா. ஒரு நிமிஷம்.”

ஸ்கேலும் பென்சிலுமாகக் குனிந்தாள். ஊருக்கு நடுவே ஒரு திட்டு இருந்தது. மில் இந்தப் பக்கம், பள்ளிக்கூடம் அந்தப் பக்கம். உயரத்தைக் காட்டும் பழுப்புக் கோடுகளை விரலால் தொடர்ந்தபடியே பார்த்தாள். மில் தெரிகிற வீடுகளுக்குப் பள்ளிக்கூடம் தெரியாது. பள்ளிக்கூடம் தெரிகிற வீடுகளுக்கு மில் மறைந்துவிடும். பாலமோ, ஆற்று வளைவுக்கு அப்பால். ஒவ்வொரு புள்ளியாக அடித்துக்கொண்டே வந்தாள். ஒரு வீடும் மிஞ்சவில்லை.

உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். சட்டென்று முகம் மலர்ந்தது.

“அட, நான் ஒரு மண்டு! பள்ளத்துக்குள்ளயே தேடிக்கிட்டு இருக்கேன். இதோ பாருங்க, மேற்கே இந்த மேடு. இங்கேருந்து மூணும் பளிச்சுனு தெரியும். புள்ளி வைக்கலதான். மேட்டுல ஒத்தையா இருந்த வீட்டை அளக்க வந்தவங்க விட்டிருப்பாங்க. தீ உங்க வீடுவரைக்கும் ஏறாததும் அதனாலதான், இல்லப்பா? அதனாலதானே நீங்க பொழைச்சீங்க!”

அப்பா நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தார்.

மகள் அந்த மேட்டைச் சுற்றிப் பெரிதாக ஒரு வட்டம் போட்டு, தாளை மருந்துக்கடைக்காரர் பக்கம் பெருமையோடு திருப்பினாள்.

“இங்க நட்டுடலாம் சார் கல்லை.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வட்டத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, அதுவரை அண்ணே என்று அழைத்துக்கொண்டிருந்த மனிதரை நிமிர்ந்து பார்த்தார்.

“அந்த மேட்டுல வீடு எதுவும் கிடையாது டீச்சர். மறுநாள் அக்காவைத் தேடிக்கிட்டு நானும் எங்கப்பாவும் அது வழியாத்தான் இறங்கினோம். காலி மண்ணெண்ணெய் டின்னுங்க அங்கதான் கிடந்துச்சு. கொளுத்தினவங்க அங்க ஏறி நின்னுதான் ஊர் எரியறதைப் பார்த்திருக்காங்க.”