மறைவலையில் ஒரு பிள்ளையார் சுழி

“ஏம்புள்ள, பேரை மறைச்சுப் புகார் எழுதறவ மேல பிள்ளையார் சுழி போடுவாளா?”

“கை தானா போட்டுருச்சுங்க. கத்தாதீங்க!”

“கத்தாம கொஞ்சவா? இன்னொரு புகார் வந்தா உன்ற வேலை காலின்னுட்டான் மேனேஜர்!”

சாயக்கழிவை ஆற்றில் விடுவதைப் பற்றி என் மனைவி செண்பகவல்லி, அனுப்பியவர் அடையாளத்தை மறைக்கும் மறைவலை வழியாகத்தான் எழுதினாள். எந்த போன், எந்த ஊர் என்று எவனாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் நாங்கள் வேலை பார்க்கும் சாயப்பட்டறையில், லீவு லெட்டர் முதல் குழுவில் போடுவது வரை எல்லாம் படிக்கும் கம்ப்யூட்டர் மெஷினுக்கு எங்கள் ஒவ்வொருவர் எழுத்தும் அத்துப்படி. இன்னும் ‘உ’ போட்டு எழுதுகிறவள் இவள் ஒருத்திதானாம்.

ஆறு இன்னும் சிவப்பாகத்தான் ஓடுகிறது. அடுத்த புகாரை யார் எழுதினாலும் பழி இவள் மேல்தான்.

பட்டறையில் வேலை பார்க்கிறவர்களே, நம் குழுவில் நான் போடும் இதற்குப் பதில் எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள். மெஷின் இதையும் படிக்கும். மேலே மட்டும் எல்லோரும் ஒரு ‘உ’ போட்டுவிடுங்கள்.