குதிகால் வெடிப்பு

மணல் தட்டில் கால் வைக்க வேண்டியது என் முறை.

பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தேன். சமஸ்தானப் போலீஸ்காரர்கள் பதினெட்டுப் பேர் புதுக்கோட்டையில் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து துப்புத் துலக்கப் படித்துக்கொண்டிருந்தோம். அன்றைய பாடம் காலடித் தடம்.

மேஜைமேல் வெள்ளையாக ஒரு வலது பாதம் இருந்தது. போன வருஷம், 1937-ல், ஒரு கோயில் திருட்டு வழக்கில் நான் எடுத்த பிளாஸ்டர் அச்சு அது. வழக்கு ஜெயித்ததே அதனால்தான். வாத்தியார் மரியசெல்வம் அதைத் தூக்கிக் காட்டி, “ஏட்டு ஆத்மநாதன் எடுத்தது” என்றபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது உண்மை.

ஒவ்வொருவரும் தன் வலது காலை அச்செடுத்து, மேஜையில் இருக்கும் அச்சுடன் வைத்துப் பார்த்துப் பத்து வித்தியாசம் எழுத வேண்டும்.

ஈர மணலில் காலை ஊன்றி எடுத்தேன். பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றினேன். அது இறுகக் கால் மணி நேரமாகும். சும்மா இருக்க முடியாமல் பக்கத்தில் இருந்த ஆண்டிச்சாமியின் அச்சை எட்டிப் பார்த்தேன்.

ஆண்டிச்சாமி வேலையில் சேர்ந்து மூன்று மாதம்தான். அதுவரை வெறுங்காலோடு ஏர் பிடித்தவன். அவன் குதிகாலில் இருந்த வெடிப்பு ஒன்றுவிடாமல் அச்சில் தெரிந்தது.

மேஜைமேல் இருந்த அச்சைத் திரும்பிப் பார்த்தேன். போன வருஷத்து வழக்கு நினைவுக்கு வந்தது.

பொன்னமராவதிப் பக்கம் ஒரு பிடாரி கோயிலில் அம்மன் கழுத்துப் பொட்டுத்தாலி காணாமல் போயிருந்தது. ஊரார் கூலியாள் பெரியகருப்பனைக் கைகாட்டினார்கள். கருவறைக்குப் பின்னால் ஈரமண்ணில் ஒரே ஒரு வெறுங்கால் தடம் கிடந்தது. அதே நீளம். அவனுக்கு இருப்பதுபோலவே கட்டைவிரலைத் தாண்டிய இரண்டாம் விரல். வேறென்ன வேண்டும்? அவனுக்கு மூன்று வருஷம் ஜெயில். எனக்குச் சன்மானமும் இந்த வகுப்பும்.

தீர்ப்பன்று அவன் பெண்சாதி மருதாயி கோர்ட்டு வாசலில் என்னை மறித்தாள்.

“அவுக குதிகாலு பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்குமுங்க. இந்த அச்சு மழமழன்னு இருக்கே, ஏட்டையா!”

வெடிப்பெல்லாம் பிளாஸ்டரில் விழாது என்றேன். தெரிந்து சொல்லவில்லை, வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவள் அதை நம்பிவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

என் அச்சு இறுகியிருந்தது. எடுத்து மணலைத் தட்டித் திருப்பினேன்.

இரண்டாம் விரல் கட்டைவிரலைத் தாண்டி நின்றது. சுண்டுவிரல் உள்பக்கம் சாய்ந்திருந்தது. பத்து வருஷம் பூட்ஸுக்குள் இருந்த குதிகால் மழமழவென்று இருந்தது.

மேஜையில் இருந்ததைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். அதில் கோர்ட்டுச் சீட்டு ஒட்டியிருந்ததால்தான் எது எதுவென்று எனக்கே தெரிந்தது.

திருட்டை விசாரிக்கப் போன அன்று காலை கோயிலில் என்ன செய்தேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பூட்ஸோடு உள்ளே போகலாமா? வாசலில் கழற்றிவிட்டேன். பிடாரியை விழுந்து கும்பிட்டேன். கருவறையை ஒரு சுற்று சுற்றி வந்தேன். அதன் பிறகுதான் விசாரணையைத் தொடங்கினேன்.

சொல்லிவிடலாம். மரியசெல்வம் நாலடி தூரத்தில்தான் நின்றார். வாயைத் திறந்தால் பெரியகருப்பன் வெளியே வந்துவிடுவான். நான் தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு ஊருக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான். நேற்றுவரை சல்யூட் அடித்தவன் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரிப்பான். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. பயம்தான் ஜாஸ்தி.

பூட்ஸை அவசரமாக மாட்டிக்கொண்டேன்.

பிளாஸ்டர் இன்னும் முழுதாகக் காயவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும், கட்டைவிரல் நகத்தால் என் அச்சின் குதிகாலில் நாலு கோடு கீறினேன். ஐந்தாவது கொஞ்சம் ஆழமாகவே விழுந்தது.

பிறகு பத்து வித்தியாசமும் எழுதினேன். முதல் வித்தியாசத்தை இரண்டு தடவை அடித்து எழுதினேன். அப்புறம் பழகிவிட்டது.

மரியசெல்வம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். என் அச்சைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். அவர் அதை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார்.

“இதுக்குத்தான் பிளாஸ்டர்ங்கிறது. குதிகால் வெடிப்புகூட எவ்வளவு சுத்தமா விழுந்திருக்கு பாருங்க!”