பால் பொங்காத அடுப்பு

பால் விளிம்பு வரை வந்தது. நுரை தலையைத் தூக்கியது.

டிக்.

அடுப்பு தானாக அணைந்தது. நுரை அப்படியே இறங்கிவிட்டது.

மூன்றாவது தடவை.

அவளுக்கு அந்தக் கண்ணாடி அடுப்பைப் பெயர்த்துத் தரையில் போட்டு உடைக்கலாம் போல் ஆத்திரம் வந்தது. உடைக்க முடியாது. அதைத் தேர்ந்தெடுத்து மாட்டியவளே அவள்தான். அடுப்பு மட்டுமா? கோயம்புத்தூர் ரேஸ்கோர்ஸில் இவ்வளவு பெரிய பங்களா. இதன் விளக்கு, திரைச்சீலை, கதவு, தோட்டத்துத் தண்ணீர் எல்லாவற்றையும் ஃபோனுக்கு அடங்கி நடக்க வைத்தவள் அவள். எட்டு மாத வேலை.

எட்டு மாதத்தில் அவளுக்கு ஒரு நாள் கூடத் தோன்றவில்லை, கிரகப்பிரவேசம் என்றால் பால் பொங்க வேண்டும் என்று.

"பால் பொங்கவே பொங்காதுங் சார். பொங்கற மாதிரி வந்தாலே அடுப்பு அணைஞ்சிரும்."

திட்டம் போட்ட அன்று இவளேதான் பெருமையாகச் சொன்னாள். வீட்டின் சொந்தக்காரர் நாச்சிமுத்துவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

நல்லா சொன்னே, போ.

"நல்ல நேரம் இன்னும் பன்னெண்டு நிமிஷந்தான்." கூடத்திலிருந்து ஐயர் குரல் கொடுத்தார்.

அடுப்படி முழுக்கப் பட்டுப்புடவைகள். நடுவில் கரண்டியோடு சாந்தாமணி, நாச்சிமுத்துவின் மனைவி. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"பின்னாடி பந்திக்குச் சமைக்கற அடுப்புல வெச்சிரலாங்களா?" என்று அவள் கேட்டுப் பார்த்தாள்.

"வெளிய பொங்கி ஆருக்கு வேணும்? ஊட்டுக்குள்ள பொங்கோணும்." நாச்சிமுத்துவின் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "சாந்தா கை வெச்சா என்னிக்கு எது வெளங்கியிருக்குது?"

சாந்தாமணி கரண்டியைப் பானையில் விட்டுவிட்டு, சுவரிலிருந்த கண்ணாடிப் பலகையில் விரலை வைத்துப் பார்த்தார்.

"மன்னிக்கவும். உங்களுக்கு அனுமதி இல்லை," என்றது வீடு. தேன் ஒழுகும் பெண் குரல். அதையும் இவள்தான் தேர்ந்தெடுத்திருந்தாள்.

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

அவளுக்குக் காது சுட்டது.

திட்டம் போட்ட அன்று நிரப்பிய படிவத்தில், வீட்டை இயக்க அனுமதி உள்ள நிர்வாகிகளுக்கு இரண்டு வரிகள் இருந்தன. "நான் ஒருத்தன் போதும்" என்றார் நாச்சிமுத்து. இரண்டாவது வரியைக் காலியாகவே விட்டாள். அன்றைக்குச் சாந்தாமணி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அடுப்படில எனக்கு ஒரு சாதா சுவிட்ச் வெச்சுக் குடம்மிணி. தட்டுனா எரியோணும், தட்டுனா அணையோணும்."

நாச்சிமுத்து சிரித்தார்.

வாடிக்கையாளர் சிரித்தால் சிரிக்க வேண்டும். இவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, வரைபடத்தில் வரையத் தொடங்கியிருந்த அந்த சுவிட்சை அடித்துவிட்டாள்.

கம்பெனி விதிப்படி தன் அனுமதியையும் நேற்றே அழித்துவிட்டாள். இனி எல்லாம் நாச்சிமுத்துவின் ஃபோனில்தான்.

கூடத்துக்கு ஓடினாள்.

நாச்சிமுத்து ஃபோனைக் குத்திக்கொண்டிருந்தார். திரைச்சீலைகள் மூடிக்கொண்டன. விளக்குகள் நீலமாயின. தோட்டத்தில் தண்ணீர் பீய்ச்சியடித்து, வாசலில் விட்ட செருப்புகள் எல்லாம் நனைந்தன.

"குடுங்க சார், நான் பாக்கறேன்."

"இரம்மிணி. எனக்குத் தெரியும்."

என்ன தெரியும்? ஒரு மண்ணும் தெரியாது. நான்கு நிமிடம் அப்படியே போனது. இருட்டில் விருந்தாளிகள் மேஜையில் இடித்துக்கொண்டார்கள். திரையைத் திறக்கிறேன் திறக்கிறேன் என்று அவர் பாட்டுப் போட்டார், நிறுத்தினார், மறுபடி போட்டார்.

"சார்!"

இத்தனை சத்தமாகக் கத்துவோம் என்று அவளே நினைக்கவில்லை.

"பால் பொங்கலீன்னா உங்கள ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. சாந்தாமணியக்காவத்தான் காலம் பூரா சொல்லுவாங்க. ஃபோனக் குடுங்க."

கூடமே அவர் பக்கம் திரும்பியது. அவர் ஃபோனை நீட்டினார்.

அடுப்படிக்கு வந்து, அடுப்பின் அந்தப் பெருமைக்குரிய பாதுகாப்பை அழித்தாள்.

"இப்ப கரண்டிய எடுத்துருங்கக்கா."

நுரை ஏறியது. விளிம்பைத் தொட்டது.

தாண்டியது.

பானையின் நான்கு பக்கமும் வழிந்து, கண்ணாடி முழுக்கப் பரவி, புதுத் தரையில் சொட்டியது. ஐயர் மணியை அடித்தார். நாச்சிமுத்துவின் அக்கா எல்லாரையும் விட முந்திக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார். எல்லாரும் பூஜைக்காகக் கூடத்துக்கு நகர்ந்தார்கள்.

சாந்தாமணி மட்டும் நின்று, வழிந்த பாலையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

ஃபோன் இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

வாடிக்கையாளரைக் கேட்காமல் செய்தால் வேலை போய்விடும். போனால் போகட்டும்.

காலியாகக் கிடந்த இரண்டாவது நிர்வாகி வரியைத் திறந்து, சாந்தாமணியின் பெயரைப் போட்டாள்.

"அக்கா, அந்தப் பலகைல வெரல வைங்க."

சாந்தாமணி பால் ஒட்டியிருந்த விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு வைத்தார்.

கூடத்தில் ஃபோனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"பழையபடி ஆயிருச்சா?" என்றார் நாச்சிமுத்து.

"பொங்கிருச்சுங் சார்."

அவர் ஃபோனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கூடம் இன்னும் இருட்டாகவே கிடந்தது.

அடுப்படியிலிருந்து அந்தத் தேன் குரல் கேட்டது.

"வணக்கம், சாந்தாமணி."

திரைச்சீலைகள் ஒவ்வொன்றாக விலகின. காலை வெயில் கூடத்துக்குள் வந்தது.

நாச்சிமுத்து சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார். ஃபோன் அங்கேயேதான் இருந்தது.